பிளக் முனை வரைதான் உங்கள் ராஜ்ஜியம்: விமானப்படைத் தளத்துக்கு முதல்முறை போகும் சர்வீஸ் டெக்னீஷியனுக்கு

விமானம் தரையில் நிற்கும்போது அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கிரவுண்ட் பவர் யூனிட், சுருக்கமாக ஜிபியு, தயாரிக்கும் கம்பெனியில் சர்வீஸ் டெக்னீஷியனாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதுவரை தொழிற்சாலைகளில் யுபிஎஸ், இன்வெர்ட்டர் பார்த்துத்தான் பழக்கம், இனி விமானப்படைத் தளங்களுக்கு அனுப்பப் போகிறார்கள். போர் விமானத்துக்குப் பக்கத்தில் விடுவார்களா, ஆபத்து உண்டா, ராணுவப் பழக்கமே இல்லாத என்னை எப்படி நடத்துவார்கள் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. நம் கையால் ஏதாவது ஆகி, அவ்வளவு பெரிய விமானம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதுதான் அது. அதையே முக்கியமான கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் இதே வேலையில் பல வருடங்கள் இருந்தவன். ராணுவத்தில் இருந்ததில்லை. விமானத்தில் கை வைக்கும் உரிமமும் என்னிடம் இல்லை. அதனால் பிளக் வரைக்கும் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அந்தப் பக்கம் பற்றிச் சொல்வது, அருகில் நின்று பார்த்ததும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டதும்தான். இந்தக் கோட்டை நீங்களும் முதல் நாளிலேயே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இயந்திரம், அதன் கேபிள், கேபிளின் நுனியில் இருக்கும் பிளக், இவ்வளவுதான் உங்கள் பொறுப்பு. பிளக்கை விமானத்தில் செருகுவதும், சுவிட்சைப் போடச் சொல்வதும், கழற்றுவதும் அந்த விமானத்துக்குப் பொறுப்பான தரைப் பணியாளரின் வேலை. பல படைகளில் அவரை க்ரூ சீஃப் என்பார்கள். விமானி வந்து ஓட்டிவிட்டுப் போவார், விமானம் க்ரூ சீஃபுடையது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அதில் கொஞ்சம் பெருமை உண்டு, நிறைய உண்மையும் உண்டு.

உள்ளே போவதில் இருந்து ஆரம்பிக்கலாம். சிரமமே அங்கேதான். உங்கள் பெயர், அடையாள ஆவணம், வண்டி எண், லேப்டாப்பின் சீரியல் எண், கொண்டுபோகும் மீட்டர்கள், உதிரி பாகங்கள் எல்லாம் முன்கூட்டியே பட்டியலாகப் போயிருக்க வேண்டும். பின்புலச் சரிபார்ப்புக்கு எவ்வளவு நாள் ஆகும், எந்த அளவுக்குத் தோண்டுவார்கள் என்பது நாட்டுக்கு நாடு, தளத்துக்குத் தளம் மாறும். ஒரு தளத்தின் அனுபவத்தை வைத்து இன்னொன்றை எடைபோட முடியாது. பட்டியலில் ஒரு எண் தப்பாக இருந்தால் அந்தப் பொருள் கேட்டைத் தாண்டாது என்பது மட்டும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். காவலாளியிடம் வாதாடிப் பயனில்லை. அவருக்கு விலக்கு கொடுக்கும் அதிகாரம் கிடையாது, உங்கள் மேல் கோபமும் கிடையாது.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பென் டிரைவில். இப்போதைய ஜிபியுக்களில் மென்பொருள் புதுப்பிப்பது வழக்கமான வேலை. ஆனால் பல தளங்களில் பென் டிரைவ் என்ற பேச்சுக்கே இடமில்லை. மென்பொருளை எந்த வடிவில் கொண்டுவரலாம், யார் சோதித்து அனுமதிக்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதே சிக்கல் திரும்பி வரும்போதும் உண்டு. பழுதான கன்ட்ரோல் போர்டைக் கழற்றி ஃபேக்டரிக்கு எடுத்துப்போகலாம் என்று நினைப்பீர்கள். அதில் நினைவகச் சிப் இருந்தால் வெளியே விடாமல் போகலாம். வாரன்டியில் பழைய போர்டைத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், அதை உங்கள் அலுவலகம் தளத்தோடு பேசித் தீர்க்கட்டும். கேட்டில் நின்று தீர்க்கிற விஷயம் அல்ல அது.

போன், கேமரா, ஸ்மார்ட் வாட்ச் மூன்றையும் வெளியே வைத்துவிட்டுப் போகப் பழகுங்கள். கடிகாரம் என்ன செய்யும் என்று தோன்றும். ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் உலகம் முழுக்கப் பயனர்கள் ஓடிய, நடந்த தடங்களை ஒரே வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால், பாலைவனத்தின் நடுவே இருந்த ராணுவ முகாம்களின் வடிவம் அதில் பளிச்சென்று தெரிந்தது. முகாமைச் சுற்றி ஓடிய வீரர்கள் யாரும் ரகசியத்தை விற்கவில்லை, கையில் பட்டை கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். சர்வீஸ் ரிப்போர்ட்டுக்கு நேம்பிளேட் படம் வேண்டும், எரிந்துபோன டெர்மினல் படம் வேண்டும் என்று உங்கள் மேலாளர் கேட்பார். தளத்தில் அனுமதி பெற்ற ஒருவர் எடுத்து, பார்த்து, பிறகு அனுப்பித் தரும் வழி சில இடங்களில் உண்டு. இல்லாத இடத்தில் கையால் வரைந்து எழுதிக்கொள்வதுதான். இந்த வேலைக்கு வந்த பிறகு என் படம் வரையும் திறமை நன்றாகவே முன்னேறியது.

உள்ளே போனதும் ஒரு எஸ்கார்ட் கூட வருவார். கழிப்பறைக்கும் வருவார். அவருக்கு ஒரு அழைப்பு வந்து எழுந்துபோனால் நீங்களும் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே கிளம்ப வேண்டும். 'இந்த ஒரு போல்ட் மட்டும்' என்று தங்கிவிடாதீர்கள். தனியாக இருக்கும் வெளியாளைப் பார்க்கும் அடுத்த ஆளுக்கு உங்கள் நல்ல எண்ணம் தெரியாது. அப்புறம், காத்திருப்பு. பறக்கும் அட்டவணைதான் அங்கே முதலாளி. விமானம் கிளம்பப்போகிறது என்றால் விமானக் கொட்டகையான ஹேங்கரில் விமானங்களுக்குப் போகும் 400 ஹெர்ட்ஸ் சப்ளையை நிறுத்த விடமாட்டார்கள். பயிற்சிக்கான அபாயச் சங்கு ஊதினால் எல்லாரும் போகிற இடத்துக்கு நீங்களும் போய் உட்கார வேண்டும். இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், திரும்பும் டிக்கெட்டை அதே மாலைக்குப் போடாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். தொழிற்சாலையில் இருந்து வருகிற உங்களுக்கு முதலில் புதிதாக இருப்பது 400 ஹெர்ட்ஸ். அலைவெண் கூடினால் அதே திறனுக்கு டிரான்ஸ்ஃபார்மர், மோட்டாரின் இரும்பு மையம் சிறிதாகிறது. விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு என்பதால் 115/200 வோல்ட், மூன்று ஃபேஸ், 400 ஹெர்ட்ஸ் என்பது நெடுங்காலமாக நிலைத்துவிட்டது. அமெரிக்க ராணுவத் தரமான மில்-எஸ்டிடி-704 முதலில் 1959-இல் வந்தது. விமானத்தின் மின்கருவி வரை வந்து சேரும் சப்ளை இயல்பு நிலையில் 108 முதல் 118 வோல்ட்டுக்குள், 393 முதல் 407 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. சிறிய விமானங்களுக்கும் பல ஹெலிகாப்டர்களுக்கும் 28 வோல்ட் டிசி.

எடையில் கிடைத்த லாபத்துக்கு விலையைக் கொடுப்பது கேபிள். அதே கேபிளின் இண்டக்டிவ் ரியாக்டன்ஸ், அதாவது ஏசி மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 50 ஹெர்ட்ஸில் இருப்பதைப் போல 400 ஹெர்ட்ஸில் எட்டு மடங்கு. அதனால்தான் இந்தக் கேபிள்களில் ஒவ்வொரு ஃபேஸையும் இரண்டாகப் பிரித்து, நியூட்ரலை நடுவில் வைத்துச் சமச்சீராகச் சுற்றியிருப்பார்கள். இயந்திரத்தின் டெர்மினலில் 115 வோல்ட் காட்டும், லோடு ஏறியதும் பிளக்கில் அது குறையும். அதை ஈடுகட்ட ஜிபியுவில் லைன் டிராப் காம்பன்சேஷன் இருக்கும். யாரோ கேபிளை மாற்றி நீளம் கூடியிருக்கும், ஆனால் அந்த செட்டிங்கைத் தொட்டிருக்க மாட்டார்கள். 'உங்கள் மெஷின் எங்கள் விமானத்துக்கு ஒத்துவரவில்லை' என்ற புகாரோடு கூப்பிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மீட்டரை இயந்திரத்தின் டெர்மினலில் வைக்காதீர்கள், பிளக் முனையில், லோடோடு வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பிளக்கேதான். ஆறு குழிகள்: ஏ, பி, சி, என் என்று நான்கு பெரியவை, ஈ, எஃப் என்று இரண்டு சிறியவை. சிறியவை இன்டர்லாக். விமானத்தின் பக்கம் இருக்கும் ஊசிகளில் ஈ, எஃப் இரண்டும் நீளம் குறைந்தவை. செருகும்போது அவை கடைசியில் தொடும், உருவும்போது முதலில் விலகும். விலகியதும் ஜிபியுவில் சப்ளையை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான கான்டாக்டர் திறந்துவிடும், பெரிய ஊசிகள் பிரியும் நேரத்தில் மின்னோட்டம் இருக்காது, பொறி பறக்காது. யோசித்துச் செய்த எளிய ஏற்பாடு. பிளக் தேய்ந்து தளர்ந்தால் இந்த இரண்டு சிறிய தொடர்புகள்தான் முதலில் காலைவாரும். 'கனெக்ட் செய்ததும் டிரிப் ஆகிறது, சில நேரம் நன்றாக ஓடுகிறது' என்ற புகார்களில் பெரும்பகுதி என் அனுபவத்தில் எலக்ட்ரானிக்ஸ் கோளாறே அல்ல. தேய்ந்த பிளக், இழுவை வண்டி ஏறி நசுங்கிய கேபிள், கருகிய தொடர்பு, இவைதான். பெரும்பாலான இயந்திரங்களில் சோதனைக்காக ஈ-எஃப் பைபாஸ் சுவிட்ச் ஒன்று இருக்கும். விமானத்துக்குப் பதிலாகச் செயற்கையாக லோடு கொடுக்கும் லோடு பேங்கில் சோதிக்கும்போது அதைப் போடுவீர்கள். முடிந்ததும் எடுத்துவிட்டீர்களா என்பதை வேறொருவரும் பார்த்து உறுதி செய்யட்டும். பைபாஸில் விட்டுவிட்டு வந்தால் எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும், என்றைக்காவது ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கை உருவுவார்.

ஃபேஸ் வரிசையைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். கேபிளை மாற்றியபின் ஏ-பி-சி வரிசை மாறினால் மூன்று ஃபேஸ் மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும். விமானங்களில் வெளி சப்ளையைக் கண்காணிக்கும் அமைப்பு உண்டு, வோல்டேஜ், அலைவெண், வரிசை சரியில்லை என்றால் உள்ளே எடுத்துக்கொள்ளாது. ஆக, நீங்கள் கற்பனை செய்கிற பேரழிவுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு காவல் இருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி வேலை செய்யக் கூடாது. முதலில் ஃபேஸ் வரிசை மீட்டர், பிறகு லோடு பேங்க், அதன் பிறகுதான் விமானம். லோடு பேங்க் இல்லை, நேராக விமானத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். விமானம் சோதனைக் கருவி இல்லை.

28 வோல்ட் டிசி பக்கம் போனால் இன்னொரு நுணுக்கம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மின்னோட்டம் ஆயிரம் ஆம்பியரைத் தாண்டக்கூடும். ஜிபியுவில் அதற்கு ஒரு உச்ச வரம்பு வைக்கலாம். வரம்பு அதிகமாகிவிட்டால் ஸ்டார்ட்டரின் தண்டும் பற்களும் அடி வாங்கும். குறைந்துவிட்டால் டர்பைன் மெதுவாகச் சுற்றி, எரிபொருள் பற்றியதும் வெப்பம் எல்லை மீறும். ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் கையேட்டில் எண் இருக்கிறது. அந்த எண்ணை நீங்கள் ஊகிக்கக் கூடாது, க்ரூவிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் முன்னாலேயே செட் செய்து, ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

விமானத்துக்குப் பக்கத்தில் விடுவார்களா என்ற கேள்விக்கு வருவோம். விடுவார்கள், ஏனென்றால் சில கோளாறுகள் விமானத்தோடு இணைத்தால்தான் தெரியும். அப்போது விமானத்துக்குள் மின்சாரத்தை எப்போது விடலாம் என்பதை முடிவு செய்பவர் காக்பிட்டில் இருப்பவர். இது வெறும் மரியாதைக்கான விதி அல்ல. விமானத்துக்குள் ஒரு சுவிட்ச் ஏதோ நிலையில் விடப்பட்டிருக்கும். மின்சாரம் வந்த மறுகணம் எங்கேயோ ஒரு பம்ப் ஓடலாம், ஒரு கதவு அசையலாம், மூக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய் கையைச் சுடும் அளவுக்குக் காயலாம். அதனால் உள்ளே ஒருவர் சுவிட்சுகளைப் பார்த்து, வெளியே ஒருவர் யாரும் அருகில் இல்லை என்று பார்த்து, அப்புறம்தான் சைகை வரும். நவீனப் போர் விமானங்களுக்கு மின்சாரத்தோடு குளிர்ந்த காற்றும் தரையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். காற்று இல்லாமல் உங்கள் சோதனைக்காக நீண்ட நேரம் மின்சாரத்தை ஓட்டச் சொன்னால் உள்ளே எலக்ட்ரானிக்ஸ் சூடாகும், அவர்கள் நிறுத்திவிடுவார்கள். குளிர்காற்று வண்டி எப்போது கிடைக்கும் என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது.

ஆபத்து உண்டு. ஆனால் பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் இருக்காது. குண்டும் ஏவுகணையும் மாட்டிய விமானத்தின் அருகே உங்களை விடவே மாட்டார்கள். ஆபத்தில் விமானியை விமானத்துக்கு வெளியே வீசும், காக்பிட்டில் இருக்கும் எஜெக்ஷன் சீட் வேறு விஷயம். இன்றைய சீட்டுகள் 'ஜீரோ-ஜீரோ' வகை, அதாவது உயரமும் வேகமும் பூஜ்யமாக இருக்கும்போதும், ஹேங்கருக்குள் நிற்கும்போதும் ஆளைத் தூக்கி எறியும். 2011 நவம்பர் 8 அன்று பிரிட்டனின் ஸ்கேம்ப்டன் தளத்தில், தரையில் நின்ற ஒரு ஹாக் விமானத்தின் சீட் வெடித்துக் கிளம்பி, ரெட் ஆரோஸ் சாகசக் குழுவின் விமானி இறந்தார். இழுக்கும் கைப்பிடி சரியான நிலையில் இல்லாமலேயே பாதுகாப்பு பின்னைச் செருக முடிந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்குப் பின் போட்டிருப்பதாகத் தெரிந்தது, ஆனால் அது எதையும் தடுக்கவில்லை. அதோடு பாராசூட்டை விடுவிக்கும் இணைப்பில் ஒரு நட்டு அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருந்ததால் பாராசூட்டும் விரியவில்லை. இந்தச் சம்பவத்தைச் சொல்வதற்குக் காரணம், யாராவது அன்போடு 'வாங்க, ஏறி உட்கார்ந்து பாருங்க' என்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் யோசித்து வைக்க வேண்டும் என்பதற்காகத்தான். சீட் பாதுகாப்பு விளக்கம் கொடுத்த பிறகு, அதற்குப் பொறுப்பானவர் கூட இருந்தால் மட்டும் சரி. நானாக ஒருபோதும் கேட்டதில்லை. சிவப்பு நாடா தொங்கும் எந்தப் பின்னையும் தொடக் கூடாது, நாடா கீழே விழுந்து கிடந்தாலும் எடுத்து மாட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஓடும் இன்ஜின் அருகே இரண்டு பக்கமும் ஆபத்து. பின்னால் வரும் சூட்டை எல்லாரும் எதிர்பார்ப்பார்கள், முன்னால் உறிஞ்சுவதை மறந்துவிடுவார்கள். 1991-இல் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் ஏ-6 விமானத்தின் இன்ஜின் ஒரு மாலுமியை முழுசாக உள்ளே இழுத்தது. அவர் பிழைத்தார், ஆனால் அது அதிர்ஷ்டம். எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விமானத்துக்கு விமானம் மாறும், தரையில் கோடு போட்டிருப்பார்கள், விளக்கத்திலும் சொல்வார்கள். எஃப்-16 இருக்கும் தளமென்றால் இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜின் நின்றுபோனால் அவசரத்துக்கு மின்சாரமும் ஹைட்ராலிக் அழுத்தமும் தர அதில் ஒரு சிறிய அலகு உண்டு. அதன் எரிபொருள் 70 சதவீதம் ஹைட்ரசின், 30 சதவீதம் தண்ணீர். கடும் நச்சு. அம்மோனியா போன்ற நாற்றம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகாதீர்கள், காற்று வரும் திசையை நோக்கி விலகிப் போய்விட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள். காதுக்கு உள்ளே அடைப்பான், மேலே மூடி, இரண்டும் வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள்.

உங்களால் விமானத்துக்கு வரக்கூடிய கேடு என்றால், மின்சாரத்தைவிட அதிக வாய்ப்பு கீழே விழுந்து கிடக்கும் பொருளுக்குத்தான். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் பயணிகள் விமானம் விழுந்தது, அதற்குச் சில நிமிடங்கள் முன்பு கிளம்பிய வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த ஒரு டைட்டானியத் தகட்டால். நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். அது டயரைக் கிழித்தது, டயர் துண்டு இறக்கையின் அடியில் மோதி எரிபொருள் டாங்கி உடைந்தது, விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்தார்கள். போர் விமானங்களின் இன்ஜின் வாய் பலவற்றில் தரைக்கு இன்னும் நெருக்கம். நம் தொழிலின் குப்பை எது என்று யோசியுங்கள்: கேபிள் டையின் வெட்டிய நுனி, கம்பி இழைகள், வாஷர், டேப் துண்டு. ஒவ்வொன்றும் ஒரு இன்ஜினைக் கெடுக்கப் போதும். வெட்டிய நுனியைக் கீழே விடாமல் கையில் பிடித்து மூடி போட்ட டப்பாவில் போடும் பழக்கம் வர வேண்டும். தொப்பி வேண்டாம், சட்டைப் பையில் பேனா வேண்டாம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை விமானத்தருகே போகும்போது உள்ளே செருகிக்கொள்ள வேண்டும்.

கருவிகளை எண்ணி உள்ளே எடுத்துப்போய் எண்ணி வெளியே கொண்டுவர வேண்டும். அவர்களுடைய கருவிப் பெட்டிகளில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே நுரைப்பலகையில் குழி வெட்டியிருக்கும், ஒன்று இல்லையென்றால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நீங்களும் அப்படி ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள், எல்லாக் கருவியிலும் உங்கள் எண்ணைப் பொறித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத கருவியைக் கொண்டுபோகவே வேண்டாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிட் காணவில்லை என்றால் அந்த நொடியே சொல்லுங்கள். வெட்கம், பயம், வேலை போய்விடுமோ என்ற நினைப்பு எல்லாம் வரும். சொன்னால் அந்தப் பக்கத்தில் இருக்கும் விமானங்களை நிறுத்திவைத்துத் தேடுவார்கள், முகம் சுளிப்பார்கள், கிடைத்ததும் மறந்துவிடுவார்கள். சொல்லாமல் விட்டு, அது பிறகு ஒரு இன்ஜினுக்குள் கிடைத்தால் அந்தக் கணக்கே வேறு. தரைப் பணியாளர்களிடையே இதில் ஒரு எழுதாத நேர்மை இருக்கிறது. தொலைத்தவனை யாரும் தாழ்வாகப் பார்ப்பதில்லை, மறைத்தவனை மறுபடி உள்ளே விடுவதில்லை.

எப்படி நடத்துவார்கள் என்று கேட்டீர்கள். நன்றாகவே நடத்துவார்கள், நீங்கள் நிபுணர் வேடம் போடாதவரைக்கும். பதவிச் சின்னங்களை அடையாளம் தெரிந்துகொள்வது உதவும், தெரியாவிட்டால் எஸ்கார்ட்டிடம் கேட்டுக்கொள்ளலாம். போனவுடன் பேனலைத் திறக்காமல், அந்த இயந்திரத்தைத் தினமும் ஓட்டுகிற ஆளைக் கண்டுபிடித்துப் பேச விடுங்கள். மூத்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் எந்தத் தளத்திலும் இருப்பார். 'மழை நாளில் மட்டும் டிரிப் ஆகுது', 'அந்தக் கடைசி விமானத்துக்கு மட்டும் பிரச்சினை' என்று அவர் சொல்கிற ஒரு வரி உங்கள் அரை நாளை மிச்சப்படுத்தும். அவருக்குத் தெரியாதது உள்ளே எந்த போர்டு என்பதுதான், அதற்காகத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். பேச்சு நீளும்போது ஒன்றில் கவனம்: இங்கே எத்தனை விமானம் இருக்கிறது, எப்போது பறக்கும், எங்கே போகும் என்று ஆர்வத்தில்கூடக் கேட்காதீர்கள். இன்னொரு தளத்தில் பார்த்ததை இங்கே பேசாதீர்கள். 'அங்கே எந்த மாடல் வாங்கியிருக்கிறார்கள்' என்று அவர்களே கேட்டாலும் விற்பனைப் பிரிவிடம் கேட்கச் சொல்லிவிடுங்கள்.

ஒரு ஆச்சரியத்துக்கும் தயாராக இருங்கள். ராணுவத் தளம் என்றால் எல்லாமே புத்தம் புதிதாக இருக்கும் என்று நினைப்போம். சி-130 சரக்கு விமானம் முதலில் பறந்தது 1954-இல், இன்றும் அதன் புதிய வடிவம் தயாரிப்பில் இருக்கிறது. பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசியானது 1962-இல் வெளிவந்தது, இன்னும் பறக்கின்றன. விமானம் இவ்வளவு காலம் இருக்கும்போது அதற்கு மின்சாரம் தரும் பெட்டியும் நீண்ட ஆயுளோடுதான் இருக்கும். ஒரு மோட்டார் ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் தரும் மோட்டார்-ஜெனரேட்டர் செட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஹேங்கர்கள் உண்டு: நிமிடத்துக்கு 1500 சுற்று, 32 துருவம், நேராக 400 ஹெர்ட்ஸ், நடுவே ஒரு செமிகண்டக்டரும் கிடையாது. அதைக் கேலி செய்யாதீர்கள். அதன் சுழலும் எடை சப்ளையின் சிறு தடங்கலை விழுங்கிவிடும். பேரிங்கைக் கவனித்தால் போதும். உங்கள் கம்பெனி அதற்கு உதிரி பாகம் தயாரிப்பதை நிறுத்தியிருந்தால் அதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், இருப்பில் இருப்பதைத் திட்டமிட்டுச் செலவிட அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

ரிப்போர்ட் எழுதுவதைச் சலிப்பான வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். 2008 பிப்ரவரி 23 அன்று குவாமில் ஆண்டர்சன் தளத்தில் ஒரு பி-2 குண்டுவீச்சு விமானம் கிளம்பும்போதே விழுந்து எரிந்தது. மொத்தமே 21 தயாரிக்கப்பட்ட ரகம். இரண்டு விமானிகளும் வெளியே குதித்துப் பிழைத்தார்கள். காற்றழுத்தத்தை அளக்கும் 24 உணரிகளில் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. அந்த ஈரத்தோடேயே அவற்றை அளவுதிருத்தம் செய்துவிட்டார்கள். பிறகு பிட்டோ வெப்பம் போட்டதும் ஈரம் உலர்ந்தது, திருத்திய அளவு தப்பானது, விமானத்தின் கணினி தவறான வேகத்தை நம்பியது. இதில் மனசை உறுத்துவது, அளவுதிருத்தத்துக்கு முன்பே வெப்பத்தைப் போட்டு ஈரத்தை உலர்த்தினால் போதும் என்பதை முந்தைய முறை அங்கே வந்திருந்த சில பணியாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள் என்பதுதான். அது வாய்வழியாகச் சிலருக்குத் தெரிந்திருந்தது, முறையான கையேட்டில் ஏறவில்லை. நீங்கள் ஒரு தளத்தில் கண்டுபிடித்த சின்ன வழி, உதாரணமாக இந்த மாடலின் வடிகட்டி ஈரக் காற்றில் சீக்கிரம் அடைக்கிறது என்பது, உங்கள் தலைக்குள்ளேயே இருந்தால் அடுத்து போகிற டெக்னீஷியனுக்குப் பயன்படாது. கம்பெனிக்கும் எழுதுங்கள், தளத்துப் பதிவேட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

முதல் பயணத்துக்கு முன் ஃபேக்டரியில் ஒரு நாள் கேட்டு வாங்கி, நீங்கள் போகப்போகும் அதே மாடலை லோடு பேங்கோடு இணைத்து, கோளாறுகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பாருங்கள். ஈ-எஃப் கம்பியைக் கழற்றுங்கள், ஒரு ஃபேஸை எடுத்துவிடுங்கள், காம்பன்சேஷனைத் தப்பாக வையுங்கள். எந்தக் கோளாறுக்கு எந்த அலாரம் வரும் என்பது கையில் பதிந்துவிட்டால், இன்டர்நெட் இல்லாத, போன் இல்லாத ஹேங்கரில் தடுமாற மாட்டீர்கள். சர்க்யூட் படங்களைத் தாளில் அச்செடுத்து, அவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். திரும்பும்போது கருவி எண்ணிக்கை, ரிப்போர்ட்டில் கையெழுத்து, கேட்டில் விசிட்டர் அட்டையைத் திருப்பிக் கொடுப்பது, இந்த வரிசையில் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே மறந்து வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பாதி தூரம் போனவர்களை எனக்குத் தெரியும். எவ்வளவு இருட்டியிருந்தாலும் திரும்பி வரச் சொல்வார்கள்.